தேய்க்கக் கூடாத இடம்

உப்பு மூட்டை சுமந்த சவரிமுத்துவுக்குக் காலில் ரத்தம் கட்டிக்கொண்டது. ரத்தம் உறையாமலிருக்க வயிற்றில் ஊசி போட வேண்டும், வீட்டில் வைத்துத் தானே போடப் பழக வேண்டும் என்றார்கள். அதனால் அவர் வீட்டைத் தூக்கிவந்து வார்டுக்குள் வைத்திருந்தார்கள். மற்ற நோயாளிகள் கட்டிலைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டார்கள்.

அடுப்படியில் அவர் மனைவி புஷ்பம் கருவாடு பொரித்துக்கொண்டிருந்தாள். அவள் செத்து வெகுகாலம் ஆகியிருந்தது.

"ஆளையும் சேத்தா கொண்டாந்திய?" என்று சவரிமுத்து நர்ஸ் ஜெபக்கனியிடம் கேட்டார்.

"வீட்ல இருந்ததெல்லாம் வரும், தாத்தா. பிரிச்சு எடுக்க எங்களுக்கு ஆள் கிடையாது."

நேற்றைய ஊசிச் சோதனையில் அவர் தோற்றிருந்தார். ஊசி போட்டதும் புஷ்பம் ஓடிவந்து தேய்த்துவிட்டாள். வயிறு நாவல்பழமாகக் கன்றிப்போனது. அந்த வீட்டில் எது வலித்தாலும் தேய்ப்பதுதான் வழக்கம். மூட்டை இறக்கிவிட்டு வரும் சாயங்காலங்களில் வேப்பெண்ணெய் தொட்டு அவர் தோளைத் தேய்ப்பாள். சோறு வேகும் முன்பே தூங்கிப்போவார்.

"இன்னைக்கும் தேய்ச்சா காலை இங்கேயே வச்சிட்டுத்தான் போகணும்" என்றாள் ஜெபக்கனி. காலுக்கு அளவெடுத்த பெட்டி தயாராக இருந்தது.

சவரிமுத்து ஊசியை எடுத்தார்.

"மூட்டையில கொக்கி போடுற பிடி வேண்டாம். பேனா மாதிரி."

பேனா பிடிக்க அவர் வயசான பிறகுதான் கற்றிருந்தார். பிடித்தார்.

"ஊசிக்குள்ள இருக்குற காத்துக் குமிழிய வெளிய தள்ளாதீங்க. தொப்புள விட்டு விலகி, சதையக் கிள்ளிப் பிடிங்க. நேரா."

கிள்ளினார். விரல்களுக்கு நடுவே உப்பளத்துக் காற்று அடித்தது. ஊசி இறங்கியது. மெதுவாக அழுத்தி, எடுத்து, கெட்டி டப்பாவில் போட்டு மூடினார்.

புஷ்பம் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"எங்க வலிக்கி? காட்டும்."

"தேய்க்காத, புள்ள. கன்னிரும்."

கை பாதியில் நின்றது.

"எத்தன மூட்டைக்குத் தேச்ச கை. இப்ப ஆகாதோ?"

அவர் தன் காலைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார்.

"கைய சும்மா வையேன்."

அவள் ஜெபக்கனியிடம் திரும்பினாள். "ஏட்டி, சும்மா வைக்கலாமா?"

"வைக்கலாம். அழுத்தாம."

வைத்தாள்.

"தேறிட்டீங்க தாத்தா" என்றாள் ஜெபக்கனி. பெட்டியை அடுத்த கட்டிலுக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

சுமைகாரர்கள் வந்து வீட்டைத் தலையில் ஏற்றினார்கள். வீடு கருவாட்டு வாசனையோடு முன்னால் போயிற்று. அடுப்படி ஜன்னலிலிருந்து, "ஆறிரும், வெரசா வாரும்!" என்று சத்தம் கேட்டது.

அவள் கை மட்டும் அவர் வயிற்றிலேயே இருந்தது. சூடாக இருந்தது. இரண்டு காலாலும் வீட்டுக்குப் பின்னால் நடந்தார். சட்டை அதன்மேல் உரசாதபடி தூக்கிப் பிடித்துக்கொண்டார்.