ஜம்பட்டா வீதி விலாசம்

பேர்னாட்டின் ஆஸ்பத்திரிக் கட்டில் தலைமாட்டில் தொங்கிய மட்டையில் விலாசம் ஜம்பட்டா வீதி, கொட்டாஞ்சேனை என்றிருந்தது. மிதுனா அதை வாசித்தாள். ஏன் வாசித்தோம் என்று ஆகிவிட்டது. பேர்னாட் பிறந்ததிலிருந்து மட்டக்குளியை விட்டு அசையாத மனிதர். அவருடைய வள்ளமும் அங்கேதான், வீடும் அங்கேதான், அதுவும் மிதுனாவின் மாடி வீட்டுக்கு நேர் கீழே. ஜம்பட்டா வீதியின் அந்த இலக்கத்தில் இருப்பது மிதுனாவின் பெரியம்மா. பேர்னாட் அந்த வாசற்படியை மிதித்ததுகூட இல்லை.

அவர் கண் திறந்து பார்த்தார். வெள்ளை விழி இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சள் கரைத்து விட்டிருந்தது. யாரென்று தெரிந்ததோ இல்லையோ, திரும்பவும் மூடிக்கொண்டார். ஆஸ்பத்திரியின் பார்வை நேரம் முடிய இன்னும் கால் மணி இருந்தது. பேர்னாட்டின் மனைவி மேபல் அக்கா ஒரு வாரம் தூங்காத முகத்தோடு, தாழ்ந்த குரலில் விஷயத்தைச் சொன்னாள். முதலில் கெண்டைக்கால் வலி என்றாராம். வலை இழுத்த வலி என்று அவளும் தைலம் தேய்த்து விட்டாளாம். மூன்றாம் நாள் காய்ச்சல், ஐந்தாம் நாள் கண் மஞ்சள். அழுக்குத் தண்ணீரால் வரும் எலிக்காய்ச்சல் என்கிறார்கள். சிறுநீரகம் வேலை செய்யவில்லை, இயந்திரத்தில் போட்டிருக்கிறார்கள், இரண்டு நாள் போகாமல் ஒன்றும் சொல்ல முடியாதாம்.

"பி.எச்.ஐ. மாத்தயா நேத்தே வீட்டப் போய்ப் பாத்துட்டாராம். வீடும் சுத்தம், சாக்கடைக் கானும் சுத்தம்னு எழுதிட்டுப் போயிட்டாராம்" என்று சுகாதாரப் பரிசோதகரைப் பற்றிச் சொன்னாள் மேபல்.

"எந்த வீட்ட அக்கா?"

"இங்க விலாசம் கேட்டப்ப எனக்குக் கையும் ஓடல்ல, காலும் ஓடல்ல. பர்ஸுல ரொக்கியோட மருந்துத் துண்டு இருந்துச்சு. அதுல இருந்த விலாசத்தக் குடுத்துட்டேன், அவரும் அங்கதான் போயிருக்காரு. நீ அடிச்சுத் தந்ததுதானே."

சொல்லிவிட்டு மேபல் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ரொக்கி என்பது அவர்களுடைய நாய். மூன்று வாரத்துக்கு முன் செத்துப்போன அந்த நாயை, வெள்ளவத்தையில் தான் வேலை செய்யும் மிருக வைத்தியசாலை வரைக்கும் கொண்டுபோய் வரிசையில் நிற்காமல் டொக்டரிடம் காட்ட வைத்தவள் மிதுனா. அந்த உதவியை நாங்கள் மறக்க மாட்டோம் என்றாள் மேபல். அட கடவுளே, அந்தக் கையை உதறிவிட்டு ஓடினால் என்ன என்றிருந்தது மிதுனாவுக்கு.

கொழும்பில் பிழைக்க முகம் ஒன்று போதும், விலாசம்தான் இரண்டு வேண்டும். மட்டக்குளிப் பக்கத்துத் தொடர்மாடிகளில் இது குழந்தைக்கும் தெரியும். பள்ளிக்கூடத்துக்கு ஒரு விலாசம், வேலைக்கு ஒரு விலாசம், கல்யாணப் பேச்சுக்கு ஒன்று. மட்டக்குளி என்றால், ஏழைப்பட்ட இடமென்று எதிரே இருப்பவர் ஒரு கணம் பேசாமல் இருப்பார், பாருங்கள், அந்த ஒரு கணத்துக்குப் பயந்துதான் இத்தனையும். மிதுனாவை முதலாம் வகுப்பில் சேர்த்ததே பெரியம்மாவின் ஜம்பட்டா வீதி விலாசத்தில். வெள்ளவத்தை மிருக வைத்தியசாலையில் வேலைக்கு விண்ணப்பித்ததும் அதே விலாசத்தில். டொக்டர் சுபோதினி யாழ்ப்பாணத்துக்காரி. அவருக்கு முன்னால் மிதுனா அந்த ஊர்த் தமிழில் "ஓம் டொக்டர்" என்பாள், வீட்டுக்கு வந்தால் "ஆமாம்மா" என்பாள். கூட வேலை செய்யும் யதுஷா நூற்றைம்பத்தைந்தாம் இலக்க பஸ்ஸில் கூட வரும் நாளில் மிதுனா கொட்டாஞ்சேனையில் இறங்கிக் கையசைத்துவிட்டு, அடுத்த பஸ் பிடித்து வீடு போவாள். நான்கு வருஷமாக இந்தக் கூத்து.

அவளுடைய வேலையில் பாதி வெள்ளிக்கிழமை வேலை. கிழமை முழுக்க வந்த நாய், பூனை, ஆடு எல்லாவற்றையும் நோய்க்குறி, நாள், இடம் என்று கணினியில் ஏற்ற வேண்டும். வேறு பல மிருக வைத்தியசாலைகளும் இப்படியே ஏற்றும். எல்லாம் ஒரு வரைபடத்தில் மஞ்சள் புள்ளிகளாய் விழும். ஒரே இடத்திலிருந்து பத்து நாளுக்குள் நான்கு மிருகங்கள் ஒரே குறியோடு வந்தால் அந்த இடம் சிவப்பாகும். சிவப்பானால் சுகாதாரக்காரர் அங்கே போவார்கள், கான் பார்ப்பார்கள், தண்ணீரில் இறங்குகிறவர்களுக்கு முன்கூட்டியே மாத்திரை கொடுப்பார்கள். மனிதருக்கு வருவதை மிருகம் முதலில் சொல்லிவிடும், கேட்கத்தான் ஆள் வேண்டும் என்று டொக்டர் அடிக்கடி சொல்லுவார்.

மிருகம் சொல்லத்தான் செய்தது. மழை வெள்ளம் வடிந்த கையோடு ரொக்கி வந்தது, ஈறெல்லாம் மஞ்சள். பத்து நாளைக்குள் அதே தொடர்மாடியிலிருந்து இன்னும் நான்கு நாய்கள் வந்தன. எல்லாவற்றுக்கும் செங்கண்மாரி, அதாவது மஞ்சள் காமாலை. மிதுனா இருக்கிறாள் என்ற நம்பிக்கையில் அவற்றைக் கொண்டுவந்தவர்கள் அவளுடைய அயல்வீட்டார். காத்திருக்கும் அறையில் பஞ்சு போன்ற நாய்களை மடியில் வைத்திருப்பவர்கள் இவர்களைப் பார்த்த பார்வை அவளுக்குச் சுட்டது. கேட்டால் கொட்டாஞ்சேனை என்று சொல்லுங்கள் என்று காதோடு சொல்லி, அவளே விலாசத்தை அடித்தாள். ரொக்கிக்குப் பெரியம்மா வீடு. மற்றதுகளுக்கு வாயில் வந்த வீதிகள், ஒன்றுக்கு வெள்ளவத்தை ஹம்டன் ஒழுங்கை. அவர்கள் மானம் போகக்கூடாது என்றுதான் செய்தேன் என்று ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் பஸ்ஸில் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். பொய். ஐந்து பேர் ஒரே இடத்திலிருந்து வந்து மிதுனா, மிதுனா என்று வாய் நிறையக் கூப்பிட்டால், இவளுக்கும் அந்த இடம்தானா என்று டொக்டர் கேட்டுவிடுவார். அந்தப் பயம்தான் முக்கால்வாசி.

அதைவிட மோசமான ஒன்று உண்டு. இரண்டு வாரத்துக்கு முன் டொக்டர் அவளைக் கூப்பிட்டு, செங்கண்மாரி நாய் கனக்க வருகிறதே, எல்லாம் ஒரே பக்கத்திலிருந்தா என்று கேட்டார். அவள் கண் இமைக்காமல் "இல்லை டொக்டர், எல்லாம் வேற வேற இடம்" என்றாள். பேர்னாட் அன்றைக்கு நல்ல சுகமாக இருந்தார். அதற்கு ஒரு வாரம் முன் செத்த ரொக்கியைத் தன் இரண்டு கையாலும் தூக்கிப்போய்க் கான் ஓரத்தில் புதைத்தவர், இன்னும் முழங்கால் தண்ணீரில் வள்ளத்துக்கு நடந்துகொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை பல் துலக்கும்போதே சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஒத்திகை பார்த்தாள். எப்படி ஆரம்பித்தாலும் முடிவில் வேலை போவதாகவே வந்தது. சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம். சொல்லாமல் விட்டுவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்றும் ஒரு புத்தி சொன்னது. அந்தப் புத்தியை நினைத்து அவளுக்கே அருவருப்பாக இருந்தது. அம்மா உள்ளேயிருந்து, காலெல்லாம் கடுக்குது, தைலத்தை எங்கே வைத்தாய் என்று கேட்டாள். மேசையில் என்று திரும்பாமலே சொல்லிவிட்டு மிதுனா படியிறங்கினாள். கீழே மேபல் வீடு பூட்டிக் கிடந்தது. கான் வழிந்து வாசல் வரைக்கும் தண்ணீர் நின்றது.

டொக்டர் சுபோதினி ஒரு பூனைக்குத் தையல் போட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தார். மிதுனா கதவைச் சாத்திவிட்டு நின்றாள்.

"அந்த அஞ்சு நாயும் ஒரே இடம் டொக்டர். மட்டக்குளி. நான்தான் விலாசத்த மாத்திப் போட்டேன்."

குழாயை மூட டொக்டருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. "கொட்டாஞ்சேனையில இருக்கிற உமக்கு அது எப்பிடித் தெரியும்?"

"நான் கொட்டாஞ்சேனையில இல்ல. நானும் அங்கதான் இருக்கேன். எங்க கீழ் வீட்டு அண்ணன் இப்ப ஆஸ்பத்திரியில."

அவளுடைய வீட்டுத் தமிழ் அந்த அறைக்குள் கேட்டது அன்றுதான் முதல் தரம். டொக்டர் கதிரையில் அமர்ந்தார். ஏசுவார் என்று மிதுனா காத்திருந்தாள். ஏசினால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"நான் உம்மட்ட அண்டைக்கே கேட்டனான் பிள்ளை" என்றார். "வாய் திறந்து கேட்டனான்."

பிறகு தொலைபேசியை எடுத்துச் சுகாதார அலுவலகத்தோடு சிங்களத்தில் வேகமாகக் கதைத்தார். மறுமுனையில் இருந்தவர் கொட்டாஞ்சேனைதானே என்று இரண்டுதரம் கேட்டிருக்க வேண்டும். டொக்டர் இரண்டுதரமும் மட்டக்குளி என்றார். எந்தத் தொடர்மாடி, எந்த வழி என்று வந்தபோது தொலைபேசியை மிதுனாவிடம் நீட்டினார். அவள் தன் வீட்டு இலக்கத்தைச் சொன்னாள். முதலாம் மாடி, கான் ஓரத்துப் படிக்கட்டு என்று ஒன்றும் விடாமல் சொன்னாள். பிற்பகல் வருகிறோம் என்றார்கள். பதிவுகளை இப்போதே திருத்து, மற்றதைப் பிறகு கதைப்போம் என்று சொல்லிவிட்டு டொக்டர் அடுத்த நாயைப் பார்க்கப் போய்விட்டார்.

ஐந்து பதிவுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்தாள். ஜம்பட்டா வீதியை அழித்தாள். ஹம்டன் ஒழுங்கையை அழித்தாள். நான்காவது நாயின் பதிவைச் சேமித்ததுமே வரைபடத்தில் மட்டக்குளி முனை சிவந்தது. எத்தனை சுலபம். இரண்டு வாரத்துக்கு முன்னும் இதே பத்து நிமிஷம்தான் எடுத்திருக்கும்.

சிவந்த இடத்தை அழுத்தியதும் இதுவரை அவள் காணாத படிவம் ஒன்று திறந்தது. அந்த இடத்தில் இதே குறிகளோடு மனிதர் யாரும் உண்டா என்று கேட்டது. காய்ச்சல், கண் மஞ்சள், கெண்டைக்கால் வலி என்று வரிசையாய்ப் போட்டு, பக்கத்தில் எண்ணிக்கைக்கு ஒரு சின்னப் பெட்டி. பேர்னாட்டை நினைத்து ஒன்று என்று அடித்தாள். அடித்துவிட்டு அந்த வரிசையை இன்னொருதரம் வாசித்தாள்.

காலையில் அம்மா தைலம் கேட்டாள். நேற்றும் கேட்டாள். அந்தத் தண்ணீருக்குள்ளால்தான் ஒவ்வொரு நாளும் அம்மா கடைக்குப் போய் வருகிறாள்.

மிதுனா கைபேசியை எடுத்து வீட்டுக்கு அடித்தாள். மணி போனது. திரையில் அந்த ஒன்றுக்குப் பக்கத்தில் கோடு விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது. மணி போய்க்கொண்டே இருந்தது. முழுதாக அடித்து ஓய்ந்தது. அவள் மறுபடியும் அடித்தாள்.