நெத்திப்பொன்

குமுட்டியில் கரி நன்றாகக் கனிந்துவிட்டது. ஆசாரி மாயகிருஷ்ணன் ஊதுகுழலை எடுக்கிறபாடாக இல்லை. உள்ளங்கையில் இருந்த பொன்தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல நேரம் நழுவுகிறதே என்று ஆறுமுகத்தாய் வாசல் வெயிலை எட்டிப் பார்த்தாள். மகன் செல்லத்துரையின் கல்யாணத்துக்குத் தாலிப்பொன் உருக்குகிற நாள். பசுவந்தனை ஊர்ச் சொந்தமெல்லாம் வீடு கொள்ளாமல் உட்கார்ந்திருந்தது.

அந்தப் பொன் வந்த கதையை ஊரே பேசித் தீர்த்துவிட்டது. நயா பைசா வந்த வருசத்திலிருந்து உருப்படியாக ஒரு மழை கிடையாது. பருத்தி பூவோடு கருகிப்போனது. அவள் புருசன் பூவனலிங்கம் கிணறு வெட்டப்போன இடத்தில், கரிசலுக்குக் கீழே ஆள் உட்காருகிற அளவுக்கு ஒரு தாழி. கடப்பாரை பட்டு ஒரு பக்கம் உடைந்தது. உள்ளே எலும்பு, மண்டையோடு, அதன் நெற்றியில் இந்தத் தகடு. தாழியை ஓலை போட்டு மூடிவிட்டுத் தகட்டை மடியில் முடிந்து வந்துவிட்டார். பூமாதேவியே தாலிக்குக் கொடுத்துவிட்டாள் என்று மனுசனுக்கு ஒரே குதூகலம்.

வீட்டில் வேறு பொன் என்றால் ஆறுமுகத்தாயின் காதில் தொங்கிய பாம்படம்தான். அவள் ஆத்தா போட்டுவிட்டது. தோளில் இடிக்க இடிக்க அவள் நடந்து வருகிற அழகே அழகு. அந்த மிடுக்கு அவளுக்கும் தெரியும். வெறுங்காதோடு திரிவதற்கு நாண்டுக்கிட்டுச் சாகலாம் என்று எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறாள்.

"என்ன ஆசாரியாரே, பொன்னு மட்டமா?"

அவர் தகட்டை அவளிடமே நீட்டினார். வெங்காயத் தோல் கனம்கூட இல்லை. மேலெல்லாம் தினையைப் பரப்பி ஒட்டினதுபோலப் புள்ளி, வரிசை பிசகாமல்.

"இம்புட்டு மெல்லிசுல நான் தட்டுனா பொத்துப்போகும் தாயி. ஒரு புள்ளி பொத்தலயே! எந்த மகராசன் கையோ. சொன்னா உருக்குதேன். திரும்பச் செஞ்சு தான்னா எனக்கு ஆகாது."

அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இரண்டு ஓரத்திலும் ஊசி நுழைகிற ஓட்டை. நூல் கோத்துக் கட்டியிருக்கிறார்கள். மாமனார் செத்தபோது நெற்றியில் ஒட்டிய காசை, குழிக்குள் இறக்குமுன் மறக்காமல் எடுத்தது அவளுக்கு நினைவு வந்தது. காலணாவைக்கூட நாம் விடுவதில்லை. இவர்களானால் இத்தனை வேலைப்பாட்டைச் செய்து, செத்த நெற்றியில் கட்டி, மண்ணுக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அடேயப்பா, என்ன மனசு!

நேரம் போகிறது, உருக்கச் சொல் என்று பூவனலிங்கம் அதட்டினார். அவள் பாம்படம் இரண்டையும் கழற்றி ஆசாரி முன்னால் வைத்தாள். புருசன் பதறி எழுந்தார்.

"கிறுக்கா பிடிச்சிருக்கு ஒனக்கு?"

"கட்டிவிட்டவிய திரும்ப அவுக்கல. அவுக்க நாம யாரு?"

அவர் அவள் காதைப் பார்த்தார். அப்புறம் பாம்படத்தையே உருக்கச் சொல்லி ஆசாரிக்குக் கை காட்டினார்.

வெயில் தாழப் பூவனலிங்கமே அவளோடு வந்து கிணற்றுக் குழியில் ஏணி வைத்து ஓலையை விலக்கினார். கிணற்றைத் தள்ளி வெட்டிக்கொள்கிறேன் என்று யாரிடமோ சொல்வதுபோல முணுமுணுத்தார். அவள் மடியில் முடிந்து கொண்டுவந்த தகட்டை எடுத்து, தாலிக்குத் திரித்ததில் மிச்சமிருந்த மஞ்சள் நூலை அதன் ஓட்டைகளில் கோத்தாள். உடைந்த பக்கமாகத் தாழிக்குள் தலையை நுழைத்து, அந்த நெற்றியில் தகட்டை வைத்துக் கட்டினாள். முடிச்சை இறுக்கக் குனிந்தபோது பாம்படம் இழுத்து நீண்டுபோன அவளுடைய வெறுங்காதுகள் முன்னால் சரிந்து பொன்னைத் தொட்டன. அது இன்னும் அவள் மடிச்சூட்டோடு இருந்தது.