நூறு வீதப் பலகை

அது தொண்ணூற்று மூன்றாம் ஆண்டா, நான்கா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பரீட்சை நாள் காலையில் மழை தூறியதாக ஒரு நினைவு இருக்கிறது. ஆனால் அந்தப் பரீட்சை ஓகஸ்டில் நடப்பது. ஓகஸ்டில் மட்டக்களப்பில் மழை ஏது, கச்சான் காற்றும் புழுதியும்தான். ஆகவே என் நினைவை முழுவதும் நம்ப வேண்டாம். சம்பந்தப்பட்டவர்கள் பிறகு தனித்தனியே சொன்னதைக் கோத்துத்தான் எழுதுகிறேன்.

நகரத்துக்குச் சற்று வெளியே, வாவிக்கரையில் இருந்த அரசாங்க ஆரம்பப் பாடசாலை அது. ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். நல்லரத்தினம் அதிபராக வந்தபோது கூரையில் பாதி கிடுகு, மீதி வானம். அவர் காலத்தில் இரண்டு வகுப்புகளுக்குத் தகரம் ஏறியது. கிணற்றுக்குக் கட்டு வந்தது. எல்லாம் வாசலில் நின்ற பச்சைப் பலகையால் வந்தவை. 'புலமைப்பரிசில் பரீட்சை: எழுதிய அனைவரும் சித்தி. நூறு வீதம்' என்று அதில் வெள்ளையில் எழுதியிருந்தது. கல்விக் கந்தோரிலிருந்து வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டு உள்ளே வருவார்கள். போகும்போது எதையாவது தருவதாகச் சொல்லிவிட்டுப் போவார்கள்.

பரீட்சைக்கு வராத பிள்ளைகள் அந்தக் கணக்கில் சேர்வதில்லை. அவர்கள் ஏன் வரவில்லை என்று ஒருவரும் கேட்டதில்லை.

பரீட்சைக்கு முதல்நாள் சனிக்கிழமை. ஐந்தாம் வகுப்பு ஆசிரியை இலட்சுமிப்பிள்ளையை அதிபர் அழைத்தார்.

"டீச்சர், பெயிலாகிற அந்த மூண்டு புள்ளையள்ட வீட்டுக்கும் போய்ச் சொல்லிப்போட்டு வாங்க."

"என்னண்டு சேர் சொல்ற? போன வருசம் ஊருக்குள்ள அம்மை எண்டு சொன்னம்."

"இந்த முறை அம்மை வேணாம். நாளைக்கு ஆமி ரவுண்டப் வரப்போகுதாம், புள்ளைய வெளிய விடாதீங்க எண்டு சொல்லுங்க. ஆரு அதத் தோண்டிக் கேக்கப்போறா?"

"பாவம் சேர்."

"பாவம்தான். மாரிக்கு மூண்டாம் வகுப்புக்குக் கூரை வேணுமா, வேணாமா?"

மாரியில் நனைந்த கொப்பிகளை வெயிலில் காயவைப்பவள் அவள்தான். குடையை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

மூன்றாவது வீடு புஸ்பத்தினுடையது. கதிரவெளியிலிருந்து மகள் நிரோஜினியோடு இடம்பெயர்ந்து வந்து, நிலக்காரர் கந்தப்போடியின் வளவு மூலையில் குடிசை போட்டிருந்தாள். ஓடித் திரிந்ததில் பிள்ளைக்குப் படிப்பு விட்டுப்போயிருந்தது. வாசிப்பாள், மெதுவாக. கணக்கு பிடிபடாது. ஆனால் வகுப்புக்கு வராமல் ஒருநாளும் இருந்ததில்லை.

சிரட்டைக்கரி போட்ட இஸ்திரிப் பெட்டியால் வெள்ளைச் சட்டையை மினுக்கிக்கொண்டிருந்த புஸ்பம் நிமிர்ந்தாள்.

"வாங்க டீச்சர். உங்கட புள்ளைக்கு இண்டைக்குச் சோறும் இறங்குதில்ல. கனக்கத் திண்டா படிச்சதெல்லாம் மறந்துபோகுமாம்."

இலட்சுமிப்பிள்ளை சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. வந்த விசயத்தைச் சொன்னாள். புஸ்பத்தின் கை பெட்டியோடு அப்படியே நின்றது.

"மெய்யா டீச்சர்?"

"அதிபருக்கு வந்த கதை. ஒருத்தருக்கும் சொல்லாதீங்க."

"அப்ப சோதனைய வேற நாளைக்கு வைப்பாங்களா டீச்சர்?" என்று நிரோஜினி கேட்டாள்.

"வைப்பாங்க," என்று சொல்லிவிட்டு ஆசிரியை திரும்பிப் பாராமல் நடந்தாள்.

அந்த நாட்களில் ரவுண்டப் எனப்பட்ட இராணுவச் சுற்றிவளைப்பின் செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு எவரும் சும்மா இருப்பதில்லை. வேலிக்கு வேலி சொல்லிவிட வேண்டும், அதுதான் வழக்கம். புஸ்பத்தின் கணவனைக் கதிரவெளியில் அப்படியொரு சுற்றிவளைப்பில்தான் கொண்டுபோனார்கள். அன்று அவர்களுக்கு ஒருவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

அவள் நேரே கந்தப்போடியிடம் போனாள்.

"அண்ணன், பொடியனுகள அக்கரைக்கு அனுப்புங்க. நாளைக்கு ரவுண்டப்பாம். அதிபருக்கே தெரிஞ்சிரிக்கி."

பொழுது சாய்வதற்குள் ஊரின் இளந்தாரிகள் தோணிகளில் வாவியைக் கடந்து படுவான்கரைக்குப் போய்விட்டார்கள். மிஞ்சியவர்கள் படலையைக் கட்டிக்கொண்டு உள்ளே இருந்தார்கள்.

ஞாயிறு காலை, பிள்ளைகளைப் பரீட்சை மண்டபத்துக்கு அழைத்துப்போக அதிபரும் ஆசிரியையும் வாசலில் நின்றார்கள். வரவேண்டிய எவரும் வரவில்லை. கெட்டிக்காரப் பிள்ளைகளும் வரவில்லை. அதிபர் கந்தப்போடியின் வீட்டை நோக்கி நடந்தார். வகுப்பில் முதலாவதாக வரும் பிள்ளை அவருடைய கடைசி மகள்.

"ரவுண்டப் ஒண்டும் இல்ல, போடியார். புள்ளைய அனுப்புங்க."

"இரிக்கி எண்டு நேத்துச் சொன்னதும் உங்கட பேராலதான் சேர். எதை நம்புற?"

அதிபர் வேலிக் கதியாலைப் பிடித்துக்கொண்டார்.

"அது நான் கட்டின கதை."

"எதுக்கு?"

சொன்னார். முழுவதையும் சொன்னார். கந்தப்போடி கோபப்படவில்லை. அவர் முகத்தில் களைப்புத்தான் தெரிந்தது.

"என்ட பொடியனுகள் ரெண்டும் ராவெல்லாம் அக்கரையில கண்ணாப் பத்தைச் சேத்துக்குள்ள நுளம்புக் கடியில கிடந்திரிக்கானுகள் சேர்," என்றார்.

வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்ட புஸ்பம் உள்ளே போனாள். மினுக்கிய சட்டையை மகளுக்குப் போட்டுக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"ரவுண்டப் எண்டா எனக்கு எப்பிடி இரிக்கும் எண்டு நீங்க யோசிக்கல்ல சேர். அது கிடக்கட்டும். இவ பெயிலானா எனக்கு வெக்கமில்ல. எழுதிப் பெயிலாகட்டும். வெல்லுற புள்ளைக்கு மட்டும் கதவு திறந்தா அது பள்ளிக்கூடமில்ல. தோக்கிற புள்ளைக்கும் ஒரு கதிரை போட்டு இருத்துறதுதான் பள்ளிக்கூடம்."

அதிபர் அவளுக்குப் பின்னால் நின்ற நிரோஜினியைப் பார்த்து, "வா மகள்," என்றார். பிறகு வேலி வேலியாகப் போய் அதே கதையைத் தன் வாயாலேயே சொன்னார். பிள்ளைகள் மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது முதல் வினாப்பத்திரம் தொடங்கிவிட்டிருந்தது. மண்டபத்து மேற்பார்வையாளர்கள் ஏசிவிட்டு உள்ளே விட்டார்கள்.

திங்கட்கிழமை அதிபர் பலகையைக் கழற்றினார். "கூரைக்காகப் பிள்ளைகளை வெளியே நிறுத்தினேன். பிள்ளைகள் வெளியே நின்றால் கூரை யாருக்கு?" என்று ஆசிரியர்கள் முன்னால் சொன்னார்.

நிரோஜினி சித்தியடையவில்லை. மற்ற இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் சித்தியடையவில்லை. பிந்திப் போனதாலோ என்னவோ, கந்தப்போடியின் மகளும் வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழேதான் நின்றாள். அந்த மாரிக்கு மூன்றாம் வகுப்புக்குக் கூரை வரவில்லை. இலட்சுமிப்பிள்ளை கல்குடாப் பக்கம் மாற்றலாகிப் போனாள். நல்லரத்தினம் அந்தப் பாடசாலையிலேயே ஓய்வுபெற்றார். பலகையை மீண்டும் மாட்டவில்லை. புஸ்பம் கதிரவெளிக்குத் திரும்பவில்லை. நிரோஜினி பத்தாம் வகுப்புவரை படித்தாள். இப்போது தையல் தைக்கிறாள், இரண்டு பிள்ளைகள்.

அடுத்த வருடம் சுற்றிவளைப்பைப் பற்றி மெய்யான செய்தி ஒன்று வந்தது. ஊரில் பாதிப் பேர் அதை நம்பவில்லை. கந்தப்போடியின் மூத்த மகன் அன்று வீட்டிலேயே இருந்தான். கொண்டுபோன இடத்திலிருந்து அவன் இன்னும் திரும்பி வரவில்லை.