மேடையில் சொன்ன பதில்

பேராசிரியர் சிலுவைமுத்துவுக்குத் திண்டுக்கல்லில் நல்ல பேச்சாளர் என்ற பெயர் இருந்தது. செம்பட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பம். கிறிஸ்தவக் கல்லூரி ஒன்றில் வரலாறு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். ஓய்வு பெற இன்னும் இரண்டு ஆண்டுகள். ஊர்மக்களும் வந்து கேட்கும்படி கல்லூரி ஆண்டுதோறும் நடத்தும் பொதுச் சொற்பொழிவுக்கு இந்த முறை வெளியூர் ஆளைக் கூப்பிடாமல் அவரையே பேசச் சொன்னார்கள். ‘விசுவாசியும் குடிமகனும்’ என்பது தலைப்பு.

அரங்கம் நிறைந்திருந்தது. நன்றாகவே பேசினார். கோயிலில் முழங்காலிட்டு எழுந்த கையோடு வீட்டுக் குப்பையை அடுத்தவன் மனையில் கொட்டுகிறவர்களைப் பற்றிச் சொன்னபோது பையன்கள் சிரித்தார்கள். வாக்குச்சாவடி, வார்டு கூட்டம், தேர்வுக்கூடம் என்று ஒவ்வொன்றாகத் தொட்டு, ஞாயிற்றுக்கிழமை விசுவாசம் திங்கட்கிழமை எங்கே போகிறது என்று கேட்டார்.

கேள்வி நேரத்தில் தமிழ்நிலா என்ற மாணவி எழுந்தாள்.

“சார், பெரிய பெரிய விஷயமெல்லாம் சொன்னீங்க. சாதாரண ஆளு, நாளைக்கே செய்யக்கூடியது ஒண்ணு சொல்லுங்களேன்.”

அவர் யோசிக்கவே இல்லை. “உங்க வீட்டுல ஒரு போர்ஷன் காலியா இருந்தா, வந்து கேக்குறவங்ககிட்ட என்ன சாதி, என்ன மதம்னு பாக்காம குடுங்க. அம்புட்டுதான்.”

கைதட்டல் எழுந்தது. சிரித்தபடி கூட்டத்தைப் பார்த்தவரின் கண் மூன்றாவது வரிசையில் போய் நின்றது. வேதியியல் துறையில் அந்த ஆண்டு ஆசிரியையாகச் சேர்ந்திருந்த ஷமா அங்கே உட்கார்ந்திருந்தார். அவர் கைதட்டவில்லை. மடியில் கிடந்த தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று வாரங்களுக்கு முன்னால் சிலுவைமுத்துவின் மாடி வீடு காலியானது. கல்லூரியில் வேலை செய்யும் பெண் ஒருவர் வாடகைக்குக் கேட்டு போன் செய்தார். “தாராளமா வந்து பாருங்கம்மா” என்றார் இவர். பேரைக் கேட்டுக்கொள்ளவில்லை. சாயங்காலம் ஆட்டோவிலிருந்து முதலில் இறங்கியது கறுப்புப் பர்தா போட்ட ஒரு வயதான அம்மா, பின்னால் ஷமா. கேட்டைத் திறக்கப் போன கை அப்படியே நின்றுவிட்டது. 

“அடடா, இப்பத்தாம்மா எங்க அண்ணன் மகன் போன் பண்ணான். சென்னையிலருந்து மாத்தலாகி வாரானாம். வீட்ட அவனுக்குக் குடுக்கும்படி ஆயிருச்சு” என்றார்.

யாரும் அவருக்கு அப்படிச் சொல்லித்தரவில்லை. மனைவி செசிலி அப்போது வீட்டிலேயே இல்லை. பொய் தானாக, ஒரு தடுமாற்றமும் இல்லாமல் வந்தது. அந்த அம்மா, ஷமாவின் தாய் நஜ்முன்னிசா, “பரவால்லைங்க, குடிக்கச் செத்த தண்ணி கெடைக்குமா?” என்று கேட்டார். இவர் சொம்பில் கொண்டுவந்து கொடுத்தார். இருவரும் கேட்டுக்கு வெளியே நின்று குடித்துவிட்டுப் போனார்கள்.

இதை அவர் அன்றே மறந்துவிட்டார். மேடையில் நின்றபோதுதான் நினைவு வந்தது. அடுத்த கேள்வி காதில் விழவில்லை. நன்றியுரை, பொன்னாடை, போட்டோ எல்லாம் முடிந்து பார்த்தபோது மூன்றாவது வரிசை காலி.

மறுநாள் காலை வேதியியல் துறைக்குப் போனார். ஷமா ஆய்வகத்தில் தனியாக இருந்தார். இவரைக் கண்டதும் எழுந்தார்.

“உக்காருங்கம்மா. அன்னைக்கு நான் சொன்னது பொய். எனக்கு அண்ணனே கிடையாது.”

“தெரியும் சார்” என்றார் ஷமா. “காலேஜ் பஸ் உங்க தெரு வழியாத்தான் வருது. மாடி பூட்டியே கிடந்துச்சு.”

“மன்னிச்சிருங்க. வீடு இப்பவும் காலியாத்தான் இருக்கு. நீங்க இன்னைக்கே…”

“வேணாம் சார். பேகம்பூர்ல, எங்க ஆளுங்க தெருவுலயே கெடச்சிருச்சு.” கழுவிய சோதனைக் குழாய் ஒன்றைத் தாங்கியில் செருகினார். “ஒண்ணு சொல்லட்டுமா? வெளிநாட்டுல இருக்க எங்க வீட்டுக்காரரு, அந்த வீடு என்னாச்சுன்னு கேட்டாரு. அங்க தண்ணி பத்தாதுன்னு சொல்லிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன்னு தெரியல. நான்தான் ஏதோ தப்புப் பண்ணுன மாதிரி கூச்சமா இருந்துச்சு. எங்க அம்மாவும் அவருகிட்ட அதையே சொல்லிட்டாங்க.”

சிலுவைமுத்துவால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தான் செய்ததன் கூச்சத்தை மூன்று வாரமாக இந்தப் பெண்ணும் அந்த அம்மாவும் அல்லவா சுமந்திருக்கிறார்கள். தனக்கு ஒருநாள் தூக்கம்கூடக் கெடவில்லையே.

சொற்பொழிவு சிறு நூலாக அச்சாவது வழக்கம். நடந்ததையும் அதில் சேர்க்க ஷமாவிடம் அனுமதி கேட்டார். “எங்க பேரு வரக்கூடாது சார்” என்று மட்டும் சொன்னார் அவர். நடந்ததை ஒரு பக்கம் எழுதிச் சேர்த்து, சொற்பொழிவுக் குழுவின் பொறுப்பாளர் ஜெரோம் சாமியாரிடம் கொடுத்தார். சாமியார் இரண்டு முறை படித்தார்.

“இது பாவசங்கீர்த்தனத்துல சாமியார் காதோட சொல்ல வேண்டியது சார். புத்தகத்துல எதுக்கு?”

“மேடையில சொன்னதுதான் சாமி புத்தகத்துல வருது. அப்ப இதுவும் வரணும்.”

செசிலிக்குக் கோபம். “ஊர் சிரிக்கும்ங்க. நாளைக்கு நான் கோயிலுக்கு எந்த மூஞ்சியோட போறது?” என்றாள். சிரிக்கட்டும் என்றுதான் அவர் காத்திருந்தார். நாலு பேர் முகத்துக்கு நேரே கேட்டால் பாரம் குறையும் என்று உள்ளுக்குள் ஓர் ஆசை.

ஊர் சிரிக்கவில்லை. நூல் வந்த முதல் ஞாயிறே பூசை முடிந்ததும் மூன்று பேர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். “என்னா மனசு சார் ஒங்களுக்கு!” என்றார் ஒருவர். கல்லூரி முதல்வர் ஆசிரியர் கூட்டத்தில் அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டி, இதுதான் அறிவு நேர்மை என்றார். ஷமா பின்வரிசையில் இருந்தார். முதல்வர் வாசித்து முடிக்கும்வரை சிலுவைமுத்து தலை நிமிரவில்லை. சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு நடந்தவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. தனக்கு மட்டும் முதலில் கைதட்டல் கிடைத்தது, இப்போது பாராட்டும் கிடைக்கிறது. கூட்டம் கலைந்தபோது ஷமாவைத் தேடினார். அவர் அடுத்த வகுப்புக்குப் போயிருந்தார்.

அந்த வாரமே பக்கத்து ஊர்ப் பங்குக் கோயிலிலிருந்து ஒருவர் போன் செய்தார். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் ஒரு கூட்டம் வைத்திருக்கிறார்களாம். அந்த வீட்டு விஷயத்தை மட்டும் அரைமணி நேரம் பேசினால் போதும், இளைஞர்களுக்கு உருக்கமாக இருக்கும் என்றார்.

“இல்லங்க, நான் வரல. அதுல பெருமையா சொல்ல ஒண்ணும் இல்ல. ஒரு வீட்டு வாசல்ல ரெண்டு பொம்பளைங்கள நிக்க வச்சுப் பொய் சொன்னவன் நான். அம்புட்டுதான்.”

எதிர்முனையில் அந்த மனிதர் நெகிழ்ந்துபோன குரலில் சொன்னார்: “இந்தத் தாழ்மைக்காகத்தான் சார் ஒங்களக் கூப்புடுறோம்.”

சிலுவைமுத்து போனை வைத்தார்.