நாற்பது மடங்கு மெதுவாக

பல் டாக்டர் நாற்காலியில் ஒரு மனிதர் தூங்கிப்போவார் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அன்றைக்கு ஒருவர் தூங்கினார். வாயை ஆவென்று பிளந்து, கழுத்தில் கட்டிய நீலக் காகிதம் ஏறி இறங்க, சன்னமாகக் குறட்டையும் விட்டார். டாக்டரம்மா கையில் டிரில்லோடு கதவிடுக்கில் தலையை நீட்டி என்னைக் கூப்பிட்டார். அந்தக் கிளினிக்கில் முன் மேசை என்னுடையது. போனை எடுப்பது, டோக்கன் கொடுப்பது, பையைத் தூக்கிக்கொண்டு நழுவப் பார்க்கும் பெரியவர்களைப் பிடித்து உட்கார வைப்பது எல்லாம் என் வேலை. பிள்ளைகளாவது சொன்ன பேச்சைக் கேட்கும்.

"இவர எழுப்பறதா, விடறதா?" என்றார்.

"எழுப்புங்க டாக்டர். வெளிய நாலு பேரு கன்னத்தப் பிடிச்சிட்டு உக்காந்திருக்காங்க."

"எல்லாம் இந்த மியூசிக் பண்ற வேலை." கூரையில் பதித்திருந்த ஸ்பீக்கரை நிமிர்ந்து பார்த்தார். "நுரைன்னு யாரோ ஒருத்தராம். பேரப் பாரு, சோப்பு மாதிரி. ஆனா ஒரு அலை வந்து வந்து போகுது பாத்தியா? அது வர்றப்பதான் எல்லாரும் நாற்காலிக் கைப்பிடிய விடறாங்க."

நான் வாயைத் திறக்கவில்லை. இது எனக்கு லேசில் முடிகிற காரியமில்லை. நுரை என்பது என் வீட்டுக்காரர்.

யாரிடமும் சொல்லக் கூடாது என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தார். இந்த மாதிரி இசை பண்ணுகிறவர்கள் உலகத்தில் அப்படித்தானாம். முகம் தெரியாதவர்தான் பெரிய ஆள். கண்ணாடி டம்ளரில் ஐஸ் கரைவதை மட்டுமே பதிவு செய்யும் ஒரு அம்மா இருக்கிறார், பனிமூட்டம் என்று பெயர், கோடிப்பேர் கேட்கிறார்கள், அவர் கிழவியா குமரியா என்று ஒருத்தருக்கும் தெரியாது. இன்னொருத்தர் காலி லிஃப்டுகளாகத் தேடிப் போய் ஏறி இறங்குகிறார். எங்கள் வீட்டுக்காரர் இவர்களைப் பற்றிப் பேசும்போது குரலையே தாழ்த்திக்கொள்வார். நுரை என்ற பெயரை அவர் கண்டுபிடித்தது பாத்திரம் கழுவும்போது. அதைக் கேட்டு என் அண்ணன் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. ஒரு தடவை இவர் அண்ணனை உட்கார வைத்து ஒரு முழுப் பாட்டையும் போட்டுக் காட்டினார். அண்ணன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நல்லா இருக்கு மாப்ள, பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?" என்றான்.

நானும் ஒன்றும் வித்தியாசமானவள் இல்லை. பின்பக்கத்துச் சின்ன அறையை அவருக்கு விட்டுக்கொடுத்திருந்தேன். கம்பளியை ஆணியடித்து மாட்டிய சுவர்கள், ஒரு பழைய கீபோர்டு, கால் உடைந்து செங்கல் வைத்த மேசை, பதிவாகும்போது சிவப்பு விளக்கு எரியும் ஒரு ரெக்கார்டர். கீபோர்டை நான் ஓட்டை டப்பா என்றுதான் சொல்வேன், அவர் இருக்கும்போதே. அவர் வேலை செய்கிற முறை அந்த மாதிரி. மைக்கைத் திறந்து வைத்துவிட்டு மறந்துவிடுவார். ஃப்ரிட்ஜ் முனகல், வாஷிங் மெஷின் கடைசிச் சுற்று, மேல் வீட்டில் நாற்காலி இழுப்பது, எல்லாம் விழும். பிறகு அதை நாற்பது மடங்கு மெதுவாக்குவார். மெதுவாக்கின பிறகுதான் கேட்பார், அதற்கு முன்னால் கேட்கவே மாட்டார். இது என்ன சத்தம் என்று தெரிந்துவிட்டால் காது கெட்டுப்போகுமாம். அதனால் ஒவ்வொரு பதிவுக்கும் அதில் இருப்பதைப் பெயராக வைக்காமல் மனசில் பட்டதை வைப்பார். 'ஈரம்', 'சாம்பல்', 'மறுபடியும் சாம்பல்'. பருப்பு டப்பாவில் 'ஏக்கம்' என்று எழுதி ஒட்டினால் நாளைக்கு எப்படிச் சமைப்பது? நான் கேட்டால் சிரிப்பார்.

அந்த வினை இப்போது வந்து நின்றது. தூக்கத்துக்கு இசை போடும் ஒரு மொபைல் ஆப் கம்பெனிக்காரர்கள் இவரைக் கூப்பிட்டார்கள். இரண்டாவதாக ஒன்று வேண்டும், நீளமாக வேண்டும், அதில் அதே அலை இருக்க வேண்டும். கொடுத்தால் தொடர்ந்து அவர்களுக்கே செய்யலாம், அண்ணனின் டைல்ஸ் கடையில் நாளெல்லாம் நின்று பளபளப்பும் சொரசொரப்பும் விற்க வேண்டியதில்லை. அதே அலை! இவருக்கு அது என்ன சத்தம் என்றே தெரியாது. ஃப்ரிட்ஜை மெதுவாக்கிப் பார்த்தார், இல்லை. ஃபேன், இல்லை. தெருமுனை ஜெனரேட்டர் பக்கத்தில் மைக்கோடு நின்றதில் காவலாளி பிடித்து விசாரித்ததுதான் மிச்சம். கடையிலிருந்து வந்ததும் முகம்கூடக் கழுவாமல் அந்த அறைக்குள் போய் உட்கார்ந்துகொள்வார். சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடி, "அது என் கையில தானா வந்துடுச்சு, அதான் தானாவே போயிடுச்சு" என்றார் ஒருநாள். அந்த மனிதர் வாய்விட்டுக் குறைப்படுகிற ஆள் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அறைக்கதவு திறந்தது. திருட்டுப் பூனை மாதிரி வந்து நின்றார்.

"என்ன முழி இது? எதப் போட்டு உடைச்சீங்க?"

"நீதான்" என்றார்.

"என்ன நான்தான்?"

"அந்த அலை. அது நீ."

விஷயம் இதுதான். பழைய பதிவுகளை ஒவ்வொன்றாக, முதல்முறையாக, சாதாரண வேகத்தில் கேட்டிருக்கிறார். ஏழெட்டுச் சாம்பல்களுக்குள் ஒரு சாம்பலில் மழைச் சத்தம். மழைக்கு நடுவில் நான்.

எனக்கு அந்த நாள் மறக்குமா? கிளினிக் முடிந்ததும் ஸ்கூட்டரில் வந்து கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தார். கொட்டுகிற மழையில் பஸ் ஸ்டாப் தகரத்துக்கு அடியில் நின்று நின்று பார்த்துவிட்டு, நடந்தே வீடு வந்தேன். உள்ளே வந்தால் ஐயா ஜன்னலைத் திறந்து, மைக்கை நீட்டி, கண்ணை மூடி மழையைப் பதிவு செய்துகொண்டிருக்கிறார். மழையைக் கேட்டுக்கொண்டே இருந்தவருக்கு மழையில் பெண்டாட்டி நிற்பாள் என்று தோன்றவில்லை. நான் விட்டேனா? அண்ணன் கடைக்கு நாளைக்கே போகணும், இல்லாவிட்டால் இந்த அறையில் ஒன்று நீங்க இருக்கணும், இல்லை இந்த ஓட்டை டப்பா இருக்கணும் என்று கிழித்துத் தொங்கவிட்டேன். எருமைமாட்டின் மேல் மழை பெய்கிற மாதிரி நின்றார். மறுநாள் கடைக்குப் போனார், அன்றிலிருந்து போய்க்கொண்டிருக்கிறார்.

எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. மடித்த துணியெல்லாம் சரிந்தது. "அடப் பாவி மனுஷா! அப்ப நான் திட்டினதுலதான் ஊரே தூங்குதா? எல்லாரும் கைப்பிடிய விடறாங்கன்னு டாக்டரம்மா சொன்னாங்களே, என் வாய்க்குப் பயந்துதான் விட்டிருப்பாங்க!"

அவர் சிரிக்கவில்லை.

"திட்டினது இல்ல" என்றார். "அத மெதுவாக்கினா கரகரன்னுதான் வருது. இது அதுக்கப்புறம். உனக்குத் தலைவலி மாத்திரை வாங்க நான் வெளிய போனேன்ல, அப்ப."

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அப்போது அந்த அறையில் நான் தனியாக இருந்தேன். என்ன செய்தேன் என்று அவர் போடுவதற்கு முன்பே எனக்குத் தெரியும். வேண்டாம் என்று கையை நீட்டினேன், அதற்குள் போட்டுவிட்டார்.

மழை. துணி தேய்க்கும் சத்தம். என் கூந்தலிலிருந்து கீபோர்டின் மேல் சொட்டின தண்ணீரைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். பிறகு என் குரல், காய்ச்சல்காரப் பிள்ளையிடம் பேசுகிற குரல். "உன் மேலயும் தண்ணி பட்டுடுச்சா? நான் கத்தினதுல பயந்துட்டியா? உன்ன ஒண்ணும் சொல்லல. உன்ன யாரும் வெளிய போட மாட்டாங்க. நான் போட விடுவேனா? கோவத்துல சொன்னேன். அந்த மனுஷன் உன்கிட்ட உக்காந்திருக்கறப்ப வீடு நல்லாத்தான் இருக்கு. பேசாம இரு, இப்ப வந்துருவாரு." கொஞ்ச நேரம் வெறும் முனகல். தட்டிக்கொடுக்கிற மாதிரி டப், டப் என்று.

ஒரு ஓட்டை டப்பாவைத் தேற்றியிருக்கிறேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. வேறு எந்தப் பெண்ணின் குட்டாவது இப்படி உலகம் முழுக்க ஸ்பீக்கர் வைத்து உடைந்திருக்குமா?

"உனக்கு இதெல்லாம் பிடிக்காதுன்னுதான் இத்தன நாளா நெனச்சிட்டு இருந்தேன்" என்றார். "பிடிக்குமா?"

"அடுப்புல பால் இருக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

அதன் பிறகு நடந்ததுதான் கூத்து. மைக் முன்னால் என்னை உட்கார வைத்தார். "அதே மாதிரி பேசு" என்றார். பேசினேன். பள்ளிக்கூட ஆண்டு விழாவில் நன்றியுரை வாசிக்கிற மாதிரி வந்தது. நாற்பது மடங்கு மெதுவாக்கினால் இன்னும் மோசம், கொட்டாவி மாதிரி இருந்தது. "மனசுல இருந்து பேசு" என்றார். "மனசு என்ன குழாயா, திருகினா வர்றதுக்கு?" என்றேன். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துவிட்டு, "விடு, மச்சான் கடையில அடுத்த வாரம் புது சரக்கு இறங்குது, அதப் பாப்போம்" என்று சாதாரணமாகச் சொன்னார். அந்தச் சாதாரணம்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மதியம் சாப்பிட்டதும், "கடை வரைக்கும் போயிட்டு வர்றேன்" என்றார். வாசல் கதவு திறந்து மூடிய சத்தம் கேட்டது. ஸ்கூட்டர் சத்தம் கேட்கவில்லை. நான் துடைக்கிற துணியை எடுத்துக்கொண்டு அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். மேசை மேல் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கதவுக்கு அடியில் இருந்த இடுக்கில் இரண்டு பாதங்களின் நிழல் வந்து நின்றது. பெரிய துப்பறியும் ஆள்! பேசாமல் கடைக்கே போகச் சொல்லிக் கத்தலாம் என்று வாய் வரை வந்தது.

கத்தவில்லை. கீபோர்டின் மேல் துணியைப் போட்டு, வெள்ளைக் கட்டைகளை ஓரத்திலிருந்து துடைக்க ஆரம்பித்தேன்.

"கேட்டாரு பாரு, பிடிக்குமான்னு" என்றேன் அதனிடம். "எத்தன வருஷம் ஆச்சு, இப்பதான் கேக்கத் தோணிச்சு. பிடிக்கும்னு சொல்லு. கிளினிக்ல அந்த அலை வர்றப்ப போன் அடிச்சாகூட நான் எடுக்கறதில்லன்னு சொல்லு. அது நான்னு தெரியாமலே கேட்டுட்டு இருந்திருக்கேன். இவரோட இருக்கறப்ப எனக்கு ஒரு கொறையும் இல்லன்னு சொல்லு. மழையில நிக்க வெச்சாலும் சரிதான். மூஞ்சியப் பாத்து எனக்குச் சொல்ல வராது. நீ சொல்லிடு."

கதவுக்கு அடியில் பாதங்கள் இரண்டும் நகர்ந்தன. நிழல் அகன்று பரவியது. சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருக்க வேண்டும். நான் கறுப்புக் கட்டைகளுக்கு வந்தேன். கடையில் இவர் முட்டி வலிப்பதை என்னிடம் மறைப்பது, அண்ணன்கூட இப்போதெல்லாம் அந்தப் பாட்டைப் போட்டுத்தான் படுக்கிறான் என்று அண்ணி சொன்னது, அதை நான் இவரிடம் சொல்லாமல் வைத்திருப்பது, ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே துடைத்தேன். கதவைத் திறந்து வந்துவிடுவார் என்று நினைத்தேன்.

கதவு திறக்கவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து, முதலில் மெதுவாக, பிறகு நன்றாகவே, குறட்டை வந்தது.

கையில் துணியோடு அப்படியே நின்றேன். "பாத்தியா இந்த மனுஷன?" என்றேன் கீபோர்டிடம். பிறகு நாற்காலியை இழுக்காமல் தூக்கிக் கதவுக்குப் பக்கத்தில் வைத்து உட்கார்ந்து, குரலை இன்னும் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து பேச ஆரம்பித்தேன். மேசை மேல் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.