மேல் வரிசை முட்டைக்கோஸ்

மருந்து அடிக்கவே இல்லை. எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அடித்துச் சத்தியம் செய்வேன். அப்புறம் அந்தக் குப்பியில் தண்ணீர் ஏன் நிறம் மாறியது?

திரிங்காப் என்ற மலையூரில், தேயிலை மலைக்குக் கீழே எங்களுக்கு ஒரு துண்டு நிலம். இப்போதெல்லாம் மழை மாதம் பார்த்தா பெய்கிறது? போன வருடம் கொட்டித் தீர்த்ததில் நட்டதெல்லாம் அழுகிப்போனது. விவசாய வகுப்புக்குப் போனேன். அவர்கள் சொன்னபடி கூரை போட்டேன், வலை கட்டினேன், மருந்தை நிறுத்தினேன். முட்டைக்கோஸ், எங்கள் பேச்சில் கோபிஸ், நன்றாகவே விளைந்தது. வெளி இலையில் மட்டும் புழு அரித்த ஓட்டைகள்.

மருந்தில்லாத காய்கறியைக் கோலாலம்பூரில் விற்பவள் யுவனேஸ்வரி. "ஓட்டை இருந்தா பரவால்லக்கா. டெஸ்ட்ல பாஸானா வாராவாரம் நானே வந்து எடுத்துக்கறேன்," என்று சொல்லியிருந்தாள். அது நடந்தால் லோரிக்கார வீரப்பன் சொல்லும் விலைக்குத் தலையாட்ட வேண்டியதில்லை. அதற்காகத்தான் இத்தனை பாடும்.

இன்று வந்தாள். கூடையிலிருந்து ஒன்றை எடுத்து, இலையைக் கிள்ளிச் சோதனைக் குப்பியில் போட்டுக் குலுக்கினாள். தண்ணீர் நிறம் மாறியது.

"அக்கா, இதுல மருந்து இருக்கு."

"இருக்காதும்மா! நல்லா பாரு லா!"

பக்கத்துத் தோட்டத்து மருந்து காற்றில் வந்ததா? மேலேயிருந்து வரும் தண்ணீரிலா? அப்போதுதான் அவள் கையிலிருந்ததைக் கவனித்தேன். ஓர் ஓட்டைகூட இல்லை. கூடை அடுக்கியவர் என் வீட்டுக்காரர் விமலன்.

"ஏங்க, இது நம்ம கோபிஸா?"

"மேல் வரிசை மட்டும் பக்கத்துத் தோட்டத்துப் பழனியப்பன்கிட்ட வாங்கிப் போட்டேன்," என்றார். "நம்மளுது ஓட்டையா இருக்கே. கூடைக்கு முகம் வேணாமா? லோரிக்கு எப்பவும் அப்படித்தானே அடுக்குவோம்?"

அட கூறுகெட்ட மனுஷா! மேல் வரிசையைத் தரையில் கொட்டிவிட்டு, அடியிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினேன். யுவனேஸ்வரி அதையும் குலுக்கினாள். நிறம் மாறவில்லை. ஆனாலும் அவள் முகம் தெளியவில்லை.

"இது சுத்தம், அது மருந்து. ரெண்டும் ஒரே கூடையில வந்துச்சு. இதுதான் உங்களுதுன்னு நான் எப்படிக்கா நம்பறது? நான் நம்பினாலும், வாங்கறவங்களுக்கு என்ன சொல்றது?"

அவள் கேட்டதும் நியாயம்தானே. பாவம், வெறும் வண்டியோடு போய்விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் வீரப்பனின் லோரி வந்து நின்றது. இறங்காமலேயே எட்டிப் பார்த்தார்.

"கீழ கொட்டிக் கிடக்கே, அந்த அழகான கோபிஸ், அத மட்டும் ஏத்துங்க."

"அப்ப கூடையில இருக்கறது?"

"ஓட்டைய யாரு வாங்குவா? ஆட்டுக்குப் போடுங்க."

விமலன் என் முகத்தைப் பார்க்காமல், பழனியப்பனின் முட்டைக்கோஸைப் பொறுக்கி லோரியில் ஏற்றினார். நான் தடுக்கவில்லை. யாரைத் திட்டுவது என்றுகூட எனக்குப் புரியவில்லை.