அத்தான் தடுத்த மணல்

ஓடை கடலில் கலக்கும் இடத்தில் கரைந்துபோன மணல்மேட்டை அலைக்குத் தடுப்பாக மறுபடி எழுப்பும் வேலை மேற்பார்வையாளரின் தலையில் விழுந்திருந்தது. அவளும் ஆட்களும் குச்சிகளை நெருக்கமாக நட்டு வேலி கட்டினார்கள், இடையிடையே புல் பதித்தார்கள். வேலியில் மோதும் காற்று மணலைப் போட்டுவிட்டுப் போகும், மேடு தானாக வளரும் என்பது ஏற்பாடு. காற்று அவளைச் சட்டை செய்யவே இல்லை. மாதக்கணக்கில் மல்லுக்கட்டியும் மேடு கணுக்காலைத் தாண்டவில்லை.

அப்போதுதான் அக்கா போன் பண்ணினாள். ஓடைக்கரையின் கடைசி வீடு அவளுடையது.

"உன் மேடு இங்க வந்திருக்கு. வந்து கூட்டிட்டுப் போ."

அவள் போய்ப் பார்த்தாள். புயலில் உடைந்த கூடத்து ஜன்னலைச் சரிசெய்வதை அத்தான் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டிருந்தார். அதன் வழியே புகுந்த மணல் சோபாவின் முதுகில் சாய்ந்து, கச்சிதமான சரிவோடு மின்விசிறியை எட்டிப் பார்த்தது. உச்சியில் புல் வேறு. சோபாவில், இடுப்பளவு மணலில், அத்தான் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாம்மா. கொஞ்சம் தள்ளி நில்லு, மறைக்குது."

அவளுக்கு வயிறு எரிந்தது. வெயிலில் வெந்தும் தன்னால் முடியாததை இந்த மனுஷன் உட்கார்ந்தே சாதித்திருக்கிறார்.

மேலதிகாரி வந்து மேட்டைச் சுற்றிப் பார்த்தார், கண் கலங்கினார். உடனே கூடத்தின் குறுக்கே கயிறு கட்டி, 'மிதிக்கக் கூடாது' என்று பலகை மாட்டினார்.

"அப்ப நான் எப்படி சமையலறைக்குப் போறது?" என்றாள் அக்கா.

"பின்னால ஜன்னல் இருக்கே."

சில நாள் ஏறிக் குதித்துப் பார்த்துவிட்டு அக்கா சொல்லிவிட்டாள்: "ஒண்ணு அது போகணும், இல்ல நான் போறேன்."

மணல் சோபாவை நம்பித்தான் வந்திருக்கிறது என்று மேற்பார்வையாளருக்குப் பட்டது. ஆட்களோடு வந்தாள்.

"எழுந்திருங்க அத்தான்."

"படம் முடியட்டும்."

முடிகிற வழியாக இல்லை. சோபாவை அவரோடு சேர்த்தே தூக்கிப்போய், கடலுக்கு முதுகு காட்டி வேலிகளுக்கு நடுவே வைத்தார்கள். விடிந்தபோது மணல் சோபாவின் கைப்பிடிக்கு வந்திருந்தது. மேடு மளமளவென்று வளர்ந்தது. ஒருநாள் அத்தான் சலித்துப்போய் வீட்டுக்கு நடந்தார். மேடு சரியத் தொடங்கியது. அவள் மூச்சிரைக்கப் பின்னால் ஓடினாள்.

"வந்துடுங்க அத்தான். நீங்க இல்லாம முடியல."

அவர் நின்று திரும்பினார். "என்னை எதுக்கும் யாரும் தேடி வந்ததில்லம்மா" என்றார். அவளுடைய வயிற்றெரிச்சல் அதோடு அடங்கிவிட்டது. இருவரும் சோபாவை நோக்கித் திரும்பி நடந்தார்கள்.

அந்த மழைக்காலத்தில் அலை வந்து முட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. வீடு தப்பியது. கூடத்தைப் பெருக்கித் துடைத்த அக்காவுக்கு அங்கே தனியாக உட்காரப் பிடிக்கவில்லை. ஒரு நாற்காலியோடு வந்து அத்தான் பக்கத்தில் அமர்ந்தாள். அவள் பக்கம் மட்டும் மணல் சேரவே இல்லை. நிமிடத்துக்கொரு தரம் எழுந்து புடவையை உதறிக்கொண்டிருந்தாள்.

"அசையாம இரேன்," என்றார் அத்தான். "பழகிடும்."